பத்தில் இரண்டைத் தப்பாகச் சொல்

1

அடிபடுவதற்கு முன்னால் என் மகள் எவ்வளவு வேகமாக யோசிப்பாள்?

கனடாவில் ஒரு மருத்துவர் சென்ற மார்ச் மாதம் என்னிடம் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார். "நீங்கள் அம்மா. வீட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? முன்பு மாதிரிதானே இருக்கிறாள்?" நான் உடனே, "ஆமாம், முன்பு மாதிரிதான்" என்றேன். அவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன். முன்பு எந்த மாதிரி இருந்தாள் என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. ஐந்து மாதமாகியும் இல்லை.

இதைத் தென்காசியில் இருந்து எழுதுகிறேன். நானும் பதினொரு வயது ஆதிரையும் விடுமுறைக்கு வந்திருக்கிறோம். குற்றாலம் சாலையில், மேலகரத்தில் என் பெற்றோர் வீடு. சீசன் நேரம் என்பதால் விடிந்ததிலிருந்து வண்டிகள் அருவிக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. துணி காய்வதில்லை. கணவருக்கு விடுப்பு கிடைக்காததால் அவர் அங்கேயே இருக்கிறார். இன்னும் ஒன்பது நாளில் நாங்கள் திரும்ப வேண்டும். அதற்குள் ஆதிரையின் ஐஸ் ஹாக்கி மன்றத்துக்கு ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. நான்கு நாளாக அதை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஐஸ் ஹாக்கி பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பனிக்கட்டித் தளத்தில், காலில் கத்தி பொருத்திய பூட்ஸுடன் ஆடுவது. பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வட்டு. அதற்கு 'பக்' என்று பெயர். தளத்தைச் சுற்றிலும் பலகைச் சுவர். பெரியவர்கள் ஆட்டத்தில் எதிராளியைத் தோளால் இடித்துச் சுவரில் சாய்ப்பது குற்றமில்லை. சிறுமிகளுக்கு அது அனுமதியில்லை. ஆனால் வேகத்தில் வந்து விழுகிறவளைச் சுவர் சிறுமி என்று பார்ப்பதில்லை.

எங்கள் நகரம் சமவெளியில் இருக்கும் சின்ன நகரம். ஆறு மாதம் பனி. பனிக்காலம் முழுவதும் குழந்தைகள் போக ஒரே இடம் அந்தப் பனித்தளம்தான். ஆறு வயதில் ஆதிரை கேட்டபோது, எல்லாரும் போகிற இடத்துக்கு இவள் மட்டும் போகாமல் தனித்துவிடக் கூடாதே என்று சேர்த்தோம். சேர்த்தது சரியா என்று அன்றும் யோசித்தேன்.

இப்போது அவளுக்கு அங்கே 'ஆடி' என்று பெயர். ஆட்டம் முடிந்து வரும்போது அவள் ஏதோ சொல்ல, பத்துப் பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளுடைய கோட்டை வைத்துக்கொண்டு நிற்பேன். காரில் ஏறியதும், "என்ன சொன்ன? எல்லாரும் சிரிச்சாங்களே" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, உங்களுக்குப் புரியாது" என்பாள். துடுக்காகச் சொல்வதில்லை. என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்பதுபோலச் சொல்வாள். வீட்டில் என்னோடு பேச்சு என்றால் 'ம்', 'சரி', 'தெரியல' இந்த மூன்றும்தான். அவளுடைய கெட்டிக்காரத்தனம் முழுவதும் என் காதுக்குச் சரியாகப் பிடிபடாத ஒரு மொழியில் நடக்கிறது.

அதனால்தான் மருத்துவருக்கு என்னால் உண்மையான பதில் சொல்ல முடியவில்லை.

3

எங்கள் வீட்டில் தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில் ஓர் அறையை இரண்டு வருடமாக டைலர் என்ற இளைஞனுக்கு விட்டிருக்கிறோம். இருபத்திரண்டு வயது. எங்கள் நகரத்துத் தொழில்முறை அணியில் ஆடுகிறான். இது இரண்டாம் நிலை அணி. இங்கே நன்றாக ஆடுகிறவர்களைப் பெரிய அணி மேலே எடுத்துக்கொள்ளும். மரியாதையான பையன். கேட்காமலே வாசல் பனியை அள்ளிப்போடுவான். ஆதிரைக்கு அவன் சொன்னால் வேதம்.

என் கணவர் அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் இதழுக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டுரை எழுதுவார். 'வரும் சீசனில் கவனிக்க வேண்டிய ஆட்டக்காரர்கள்'. நான் பி.எட். படித்தவள் என்பதால் பிழை திருத்துவது என் வேலை. இந்த வருடக் கட்டுரையைப் போன வாரம் எனக்கு அனுப்பினார்.

ஐந்து பேர். ஐந்தாவது, பத்தொன்பது வயதுப் புதுமுகம். கால் வேகத்துக்காக. நான்காவது, கியூபெக் மாகாணத்திலிருந்து வந்த தடுப்பாட்டக்காரன். சுவரோரத்தில் அவனைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. மூன்றாவது, முழங்கால் அறுவைக்குப் பிறகு திரும்பி வரும், இடது ஓரத்தில் ஆடுகிறவன். இரண்டாவது, ஸ்வீடன்காரக் கோல்கீப்பர். முதலாவது டைலர். 'இந்த சீசன் முடிவதற்குள் இவர் மேலே போய்விடுவார். இப்போதே பார்த்துவிடுங்கள்' என்று முடித்திருந்தார்.

ஐந்து வருடமாகப் பனித்தளத்தின் ஓரத்தில் நிற்கிறேன். எனக்கும் பார்க்கத் தெரியும். ஆனால் நான் பார்ப்பது வேறு. அந்த ஸ்வீடன்காரன் ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும் முன்னும் மட்டையால் இடது கம்பத்தை இரண்டு தடவை தட்டுவான். ஜனவரியில் அவன் முகக்கவசத்தில் நேராக ஒரு பக் வந்து அடித்தது. அதற்குப் பிறகு மூன்று தடவை தட்டுகிறான். சில நாள் நான்கு. தட்டினோமா இல்லையா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதுபோல. கியூபெக்காரன் பெஞ்சில் உட்கார்ந்ததும் மேலே இருக்கும் விளக்குகளைப் பார்க்காமல் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறான். முன்பெல்லாம் கூட்டத்தைப் பார்த்துக் கையசைப்பான். இதை எல்லாம் கட்டுரையில் சேர்க்கலாமா என்று கணவரிடம் ஒருமுறை கேட்டேன். "அது என்ன ஆட்டக்காரங்களப் பத்தியா, ஆஸ்பத்திரியப் பத்தியா?" என்றார்.

டைலர் மட்டும் என் பார்வைக்குத் தப்பிவிட்டான். வீட்டுக்குள்ளேயே இருப்பவன் என்பதாலோ என்னவோ. பிப்ரவரியில் அவன் அறை ஜன்னலில் ஒரு தடித்த துண்டைத் தொங்கவிட்டான். குளிருக்கு என்று நினைத்தேன். குப்பை வண்டி வரும் கிழமையை ஒரே நாளில் இரண்டு தடவை கேட்டான். சமையலறைக் கதவில் ஒரு சிறு தாள் ஒட்டியிருந்தான். 'தயவுசெய்து மிக்ஸி போடுமுன் எனக்குச் சொல்லுங்கள். நன்றி.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். எவ்வளவு நாகரிகமாகக் கேட்கிறான் பார் என்று அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

4

மார்ச்சில், ஆதிரையின் சீசனுடைய கடைசி ஆட்டம். அவள் பக்கைத் துரத்திக்கொண்டு வந்தவள், கால் மடங்கி, தலை முதலில் படும்படி சுவரில் போய் விழுந்தாள். சத்தம் எனக்குக் கண்ணாடி வழியாகவே கேட்டது. நான் உள்ளே ஓடுவதற்குள் எழுந்துவிட்டாள். சிரித்தாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டு நாள் கழித்து மருத்துவரிடம் போனோம். அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சீசன் தொடங்கும் முன், செப்டம்பரில், ஒவ்வொரு குழந்தையையும் கணினி முன் உட்காரவைத்து ஒரு சோதனை. சொற்களைக் காட்டி மறைத்துத் திரும்பக் கேட்பது, வடிவங்களை நினைவு வைப்பது, நிறம் மாறியதும் பொத்தானை அழுத்துவது. அந்த மதிப்பெண்ணைப் பதிந்து வைத்துக்கொள்வார்கள். தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் ஆடக் கூடாது.

ஆதிரைக்குக் குறையவில்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்போதுதான் மருத்துவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

5

போன ஞாயிறு ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீர் அளவாக விழுந்தது. பெண்கள் பக்கம் கூட்டம்தான், ஆனாலும் இடம் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது ஆதிரையை அருவியிலிருந்து வெளியே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இந்தத் தடவை தண்ணீருக்குப் பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, படியில் போய் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, தண்ணிக்குப் பயந்தா கனடாவுக்கு எப்படிப் போவ? கடலல்லா தாண்டணும்" என்று, எங்கள் பேச்சைக் கேட்டபடி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கேலி செய்தார். ஆதிரை நிமிரவில்லை. "சத்தம் ரொம்ப இருக்கும்மா. போலாமா?" என்றாள். பனித்தளத்தில் மூவாயிரம் பேர் கத்தும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கத்துகிறவள். எனக்கு அடுத்ததாக நினைவுக்கு வந்தது, மிக்ஸிச் சத்தத்துக்காக டைலர் சமையலறைக் கதவில் ஒட்டிய தாள்.

வெயிலோ பயணக் களைப்போ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு வெயிலே இல்லை.

மாலையில் அப்பா அவளை வாசலுக்குக் கூப்பிட்டார். அப்பா காவல்துறையில் எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். பாதி சர்வீஸ் குற்றாலத்தில் சீசன் டியூட்டி. வண்டி எண் நினைவு வைப்பது அவருக்குப் பழக்கம். போன தடவை பேத்திக்கு அதையே விளையாட்டாக்கிவிட்டார். சாலையில் போகிற பத்து வண்டிகளின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பாக்கெட் நோட்டில் எழுதுவார். இரண்டு தடவை வாசிப்பார். அவள் எந்த வரிசையிலும் திரும்பச் சொல்லலாம்.

"ஆடி! ஏட்டி, பேரு வச்சதுதான் வச்சீங்க, ஆடின்னா வச்சீங்க? ஆனி, ஆவணின்னு ரெண்டு தங்கச்சி வேணும்ல."

"தாத்தா, அது டீம் நேம்."

"சரி, டீமு, வா இங்கன. இருபத்தேழு, நாப்பத்தொண்ணு, அறுபத்தஞ்சு..."

ஐந்து சொன்னாள். அடுத்த தடவை நான்கு. அடுத்தது ஐந்து. அப்பா எதையும் தூக்கிப்போடுகிறவர் இல்லை. அதே நோட்டைப் பின்னால் புரட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கம். எட்டு, எட்டு, ஒன்பது.

தமிழ் எண்கள் மறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நானே ஆங்கிலத்தில் வாசித்தேன். ஆறு. ஆனால் பழைய ஒன்பது தமிழில் எடுத்ததாயிற்றே. மறந்தது மொழியா, இல்லை நினைவே குறைந்திருக்கிறதா? எதை எதிலிருந்து கழிப்பது?

"என்னட்டி, பனியில மூள உறைஞ்சிட்டா? போன தடவ என்னைய ஓட ஓட வெரட்டுன" என்று அப்பா சிரித்தார்.

ஆதிரைக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் வேணும்னுதான் தப்பா சொன்னேன். எப்பவும் பத்துல ரெண்டு தப்பா சொல்லணும். அப்பதான் ஸேஃப்."

"யாரு சொன்னா?"

"டைலர்."

6

ஐந்து விட்டவள் இரண்டு என்கிறாள். அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். செப்டம்பர் சோதனைக்கு முதல் நாள் டைலர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். முதல் சோதனையில் பத்தில் இரண்டைத் தப்பாகப் போடு. அதற்கு மேல் போட்டால் கணினி கண்டுபிடித்துவிடும். பின்னால் அடிபட்டாலும் மதிப்பெண் குறையாது, யாரும் உன்னை உட்காரவைக்க மாட்டார்கள்.

"எல்லாரும் பண்ணுவாங்கம்மா. ப்ரோஸ், டைலர் மாதிரி ஆடுறவங்க எல்லாரும்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பரீட்சைக்கு முக்கியமான கேள்விகளைக் குறித்துக் கொடுப்பதுபோல, தன் தொழிலில் தனக்குத் தெரிந்த நல்ல விஷயத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் ஒரு வருடம் இங்கே பள்ளியில் கணக்கு நடத்தியவள். இது சின்னக் கழித்தல் கணக்கு. செப்டம்பரில் வேண்டுமென்றே இரண்டு குறைத்தாள். மார்ச்சிலும் வேண்டுமென்றே குறைத்து அதே மதிப்பெண் வந்திருந்தால், இழப்பு ஒன்றுமில்லை. மார்ச்சில் முழு மனதோடு முயன்று அதே மதிப்பெண் வந்திருந்தால், அந்த இரண்டு எங்கே போயிற்று?

"ஆதிரை, இத மட்டும் சொல்லு. திட்ட மாட்டேன். மார்ச்ல வேணும்னு தப்பா போட்டியா, இல்ல நெசமாவே போட்டியா?"



"ஞாபகம் இல்லம்மா."

7

மறுநாள் காலை கணவர் அழைத்தார். அவருக்கு அது மாலை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ மனசப் போட்டுக் கொழப்பாத கோமதி. அஞ்சு மாசம் ஆச்சு. ஸ்கூல் ரிப்போர்ட் நல்லாத்தானே வந்திருக்கு?"

வந்திருந்தது. 'ஆதிரை வகுப்பில் மகிழ்ச்சியாக இருக்கிறாள்' என்று. அங்கே எல்லாக் குழந்தைகளும் வகுப்பில் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள்.

"அந்தப் படிவத்துல கேக்காங்க. முதல் சோதனை முழு முயற்சியோட எழுதினதுதானான்னு. ஆமான்னு போட்டா பொய். இல்லன்னு போட்டா, கீழ ஒரு கட்டம் திறக்குது, 'விளக்கவும்'னு."

"என்னன்னு வெளக்குவ?"

"நடந்ததத்தான்."

"டைலர் பேர எழுதுவியா? அவன் கிளப்புக்குப் போன் போவும். அவனையும் மறுபடி டெஸ்ட் பண்ணுவாங்க. அடுத்த மாசம் செலக்‌ஷன் கேம்ப். இந்த வருஷம் மேல போறவன். அவன் பொழப்பு அது."

"அவன் தலைக்கு ஏதோ ஆயிருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் குரல் தாழ்ந்தது.

"பிப்ரவரியில ஒரு அடி. அவனே சொன்னான். யார்ட்டயும் சொல்லிராதீங்கன்னான். நான் என்ன செய்ய?"

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறார். அவனை முதல் இடத்தில் வைத்திருக்கிறார். நான் ஒற்றுப்பிழை பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? துண்டையும் தாளையும் பார்த்தவள் நான்.

8

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். காவல்துறைக்காரர், "எழுதிரு" என்று ஒரே வார்த்தையில் முடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நோட்டை மூடி பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"மெயின் ஃபால்ஸ்ல நிக்கும்போது, ஒரு பிள்ள வழுக்கி விழுந்துட்டு. பஸ்ஸுல வந்த கூட்டம். பின்தலை பாறையில பட்டத நான் பாத்தேன். ஓடிப்போய்ப் பிடிச்சேன். எந்திரிச்சி சிரிக்கி. 'ஒண்ணுமில்ல அண்ணாச்சி'ங்கு. அங்கன கடையில டீ குடிச்சா, சிப்ஸ் வாங்கினா. ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னு கேட்டேன். கூட வந்தவங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுட்டாங்க. நானும் சரின்னுட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சி வயர்லெஸ்ல, ஒரு டூரிஸ்ட் பஸ்ஸு போற வழிய விட்டுத் திரும்பி தென்காசி ஆஸ்பத்திரிக்கு வருதுன்னு சொன்னாங்க."

"அந்தப் பொண்ணுதானா?"

"தெரியல."

"பெறவு என்ன ஆச்சு?"

"நான் விசாரிக்கலட்டி" என்றார். "ஒரு போன் போட்டா தெரிஞ்சிருக்கும். போடல."

இத்தனை வருடத்தில் இதை அவர் வீட்டில் சொன்னதே இல்லை. எனக்கு ஆலோசனையும் சொல்லவில்லை. அருவிக்குப் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எண் எதையும் எழுதவில்லை.

9

நேற்று மாலை ஆதிரை தானாகவே வந்து, "தாத்தா, இன்னொரு தடவ விளையாடலாம்" என்றாள். காலையில் எழுதிய பத்து எண்கள் நோட்டில் இருந்தன. அவர் இரண்டு தடவை வாசித்தார். அவள் சுவரைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தவில்லை. பத்தும் சரி.

அப்பா எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி பயமில்லை, முதல் வேலையாகப் படிவத்தை அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

இன்று காலை அவள் படுக்கையை மடித்தேன். தலையணைக்கு அடியில் அவளுடைய படம் வரையும் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. நேற்று அப்பா வாசித்த அதே பத்து எண்கள். அப்பா மதியம் தூங்கும்போது சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணும் அவள் கையெழுத்தில், மேலிருந்து கீழாக, திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. மொத்தம் பதினான்கு வரிசை. முதல் ஐந்தாறு வரிசைகளில் விட்டுப்போன எண்களின் இடத்தில் சின்னச் சின்னக் கோடுகள்.

தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிற குழந்தை, சரியாகச் சொல்வதற்காக ஒளிந்து மனப்பாடம் செய்யுமா? அல்லது தாத்தாவிடம் தோற்கப் பிடிக்காத பிள்ளை செய்கிற சாதாரணக் காரியமா? அவளும் என்னைப் போலவே தன்னிடம் எதையோ தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா?

வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் இருப்பீர்கள், வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் பிள்ளை முன்பு எப்படி இருந்தது என்று உங்களுக்கு எதை வைத்துத் தெரியும்? அந்தக் கட்டத்தில் நான் 'இல்லை' என்று போட்டு, நடந்ததை எழுதினால், என் மகள் இந்தக் குளிர்காலம் முழுவதும் என்னோடு பேச மாட்டாள். வேறொரு தாயின் மகனுக்கு அவன் காத்திருந்த வருடம் போய்விடும். 'ஆமாம்' என்று போட்டால், எதுவும் நடக்காமலும் போகலாம். அக்டோபரில் பனித்தளத்தில் விளக்குப் போடுவார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒன்பது நாள் இருக்கிறது. எது சரி என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, எழுதுங்கள். திட்டியும் எழுதலாம். 'ஒண்ணுமில்ல' என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள்.